கல்லுக்கு விசா இல்லை

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் சக்கரத்துக்கு அடுத்த இடம் எதற்கு என்று கேட்டால், தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு என்று தயங்காமல் சொல்வேன். நெருப்பு மூன்றாம் இடத்தில் இருந்துகொள்ளட்டும். நெருப்பு எல்லாரையும் ஒரே மாதிரி சுடும். காப்பீட்டுக்குத்தான் ஆள் பார்த்து நடந்துகொள்ளத் தெரியும்.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ‘தொழிலாளர் நல அலுவலர்’. கீழே இருப்பவர்கள் தமிழில் சொல்வதை மேலிடத்துக்குப் புரியும்படி சொல்வதும், மேலிடம் சொல்வதைக் கீழே வலிக்காதபடி சொல்வதும் என் பணி. ஆட்கள் வந்து இறங்கிய அன்றே ஒவ்வொருவர் கழுத்திலும் காப்பீட்டு அட்டையை மாட்டிவிடுவோம். பளபளப்பான அட்டை. அதில் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் குடும்பத்தில் யாரும் சாரத்தில் ஏறியவர்கள் இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

எங்கள் வெல்டர் அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். இனி தலைவலி என்றாலும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று அந்தம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்தாராம்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வெல்டருக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கிரேன் ஓட்டுநர்தான் கைத்தாங்கலாக என்னிடம் அழைத்து வந்தார். கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் சீழ் பிடித்துவிடும் என்றார் டாக்டர்.

உடனே காப்பீட்டு நிறுவனத்தின் ‘இதயபூர்வ உதவி மைய’த்துக்குப் போன் போட்டேன். முதலில் வீணை வாசித்தார்கள். வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை முழுவதும் கேட்டார். பிறகு தமிழ் தெரிந்த ஒரு பெண் கிடைத்தார். அதுவும் காப்பீட்டின் சலுகைகளில் ஒன்று: மறுப்பைத் தாய்மொழியிலேயே பெறலாம்.

“கல் எப்ப உருவாச்சு சார்?”

“இன்னைக்குத்தாங்க வலிச்சுது.”

“அது வலி சார். நான் கல்லைக் கேக்கறேன்.”

டாக்டரைக் கேட்டேன். இந்த அளவு வளர ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும் என்று அந்த அப்பாவி மனிதர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

“அப்ப அது அவங்க ஊர்லயே உருவானது. கூடவே கொண்டு வந்திருக்கார்,” என்றார் அந்தப் பெண், குரலில் உண்மையான வருத்தத்துடன். “பாலிசி அவருக்குத்தான் சார். கல்லுக்கு இல்ல.”

என்ன ஒரு கூர்மை! பெட்டியைக் கவிழ்த்துத் தைலப் புட்டியைக்கூட முகர்ந்து பார்த்த விமான நிலைய அதிகாரிகள், ஒரு கல் விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததைக் கோட்டை விட்டிருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டது.

வெல்டருக்குத்தான் இந்த நுட்பம் பிடிபடவில்லை. “ரத்தம், எக்ஸ்ரேன்னு எல்லாம் பாத்து ஃபிட்டுன்னு சொல்லித்தானே சார் கூட்டிட்டு வந்தீங்க?” என்றார். நாங்கள் ஃபிட் என்றது வேலைக்கு, வைத்தியத்துக்கு அல்ல என்று பொறுமையாக விளக்கினேன். மேல்முறையீடு ஒன்றும் அனுப்பி வைத்தேன்.

பதில் வரும்வரை அவர் வலி மாத்திரையும் சுவருமாகப் படுத்திருந்தார். படுத்திருப்பவரைப் பற்றி மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார். விசா எதற்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டார். வேலை செய்ய என்றோம். இவர் செய்கிறாரா என்றார். இல்லை என்றோம். கூட்டம் முடிந்தது. விசா ரத்தானது, விசாவோடு ஒட்டிக்கொண்டிருந்த காப்பீடும் தானாகவே உதிர்ந்தது. உடம்பு நன்றாக இருக்கும்வரை ஒருவருடைய வைத்தியத்துக்கு இவ்வளவு உறுதியான உத்தரவாதம் தரும் ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்கும் பதில் வந்தது. காப்பீட்டில் இல்லாத நபர் மேல்முறையீடு செய்ய இயலாது என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

வெல்டரின் மனைவி எனக்குப் போன் செய்தார். “அண்ணே, அவருக்குத்தான் அந்த அட்டை இருக்கே. அப்புறம் ஏன் இங்க அனுப்பறீங்க?”

குடும்பத்தின் அரவணைப்பில் அவர் குணமடைய வேண்டும் என்று நிறுவனம் விரும்புவதாகச் சொன்னேன். என் மொழிபெயர்ப்புகளில் சிறந்தவற்றுள் இதுவும் ஒன்று.

“அரவணைப்பெல்லாம் நிறையவே இருக்குண்ணே,” என்றார் அந்தம்மா. “அதை வச்சு வயித்தக் கிழிச்சுக் கல்லை எடுக்க முடியுமா?”

வெல்டர் விமானத்தில் குனிந்தே உட்கார்ந்து போனாராம். இறங்கியதும் நேராக அரசு ஆஸ்பத்திரி. அதற்குள் பித்தப்பை வெடித்திருந்தது. உயிரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். ஆனால் இப்போது அவரால் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடிவதில்லை, மனைவி வேலைக்குப் போகிறார், அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று கிரேன் ஓட்டுநர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலைக்கு நேரமாகிறது என்று நினைவூட்டினேன்.

அதற்குப் பின் எங்கள் பணியிடத்தில் ஒரு அற்புதம் நிகழ்ந்தது. ஒருவருக்கும் நோய் வரவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, முதுகுப் பிடிப்பு என்று முனகல்கூட இல்லை. என் அறை வாசலில் செருப்பே காணோம். இந்த அரிய சாதனைக்காகக் காப்பீட்டு நிறுவனம் எங்களுக்கு ‘நோயற்ற பணியிடம்’ என்ற விருதை அறிவித்தது. கட்டடத்தின் கீழேயே பந்தல் போட்டு விழா எடுத்தோம். ஆரோக்கியம் என்பது ஒரு மனநிலை என்று மேலாளர் உருக்கமாகப் பேசினார்.

தொழிலாளர்கள் சார்பில் பூங்கொத்து வாங்கிக்கொள்ளக் கிரேன் ஓட்டுநரை மேடைக்கு அழைத்தோம். பூங்கொத்து அவர் கையில் நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் இரண்டும் மஞ்சள். அருகில் போய், உடம்பு சரியில்லையா என்று மெல்லக் கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கேன் சார்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு உதவி. நல அலுவலர் காதுக்கு மட்டும் இது போயிடாம பாத்துக்கங்க.”

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விழா முடிந்ததும் அவர் கம்பியைப் பற்றிப் பற்றி நின்று நின்று கிரேனில் ஏறினார். கீழே எல்லாரும் வழக்கம்போல வேலையில் இறங்கினார்கள். மேலாளரை மட்டும் தனியாக அழைத்து, கிரேன் பக்கம் நிற்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.