பாதித் திரையில் வாங்கிய பட்டா

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. இருந்தது என்பது நம்முடைய பேச்சு. இருக்கிறதா இல்லையா என்று அந்தக் காட்டின் வளைப்பட்டா அலுவலகம் ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தது.

பெயர் செங்கமலம். தொழில், மனு அடித்துக் கொடுப்பது. இலுப்பை மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை, அதன்மேல் ஒரு லேப்டாப். போன தேர்தலில் வீட்டுக்கு ஒன்று என்று சிங்கம் இலவசமாகக் கொடுத்தது அது. மூடியில் சிங்கமே கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருக்கும். மானுக்குப் புல்வெளித் தகராறு மனு, வௌவாலுக்கு அது பறவைதான் என்று ஒரு சான்றிதழ், மறுமாதம் விலங்குதான் என்று இன்னொன்று, எல்லாம் செங்கமலம் கைப்பட அடித்ததுதான்.

ஊருக்கெல்லாம் மனு அடித்தது சரி, சொந்த வளைக்குப் பட்டா இல்லை. ஆறு தடவை விண்ணப்பம் போட்டு ஆறு தடவையும் திரும்பி வந்தது. வளைக்கு வாசல் எத்தனை என்ற கட்டத்தில் இரண்டு என்பதை எண்ணில் எழுதினால் எழுத்தில் எழுது என்றார்கள். எழுத்தில் எழுதினால் எண்ணில் எழுது என்றார்கள். இரண்டிலும் எழுதினால், அப்படியென்றால் வாசல் நாலா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த லட்சணத்தில் புது உத்தரவு ஒன்று வந்தது. இலுப்பைச் சரிவில் பட்டா இல்லாத வளையெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு நரிக்குச் சொந்தம். அடுத்த சரிவுக்கு அடுத்த வெள்ளி. நரி பெண்டாட்டியோடு வந்து செங்கமலத்தின் வாசலில் நின்று, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்று பேசி முடித்துவிட்டே போனது.

புதன்கிழமை ஆயுத பூஜை. வனக்காவலர் ஜீப்புக்குப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவதைச் செங்கமலம் வருஷா வருஷம் புதருக்குள்ளிருந்து பார்க்கும். சோறு போடுகிற சாமானுக்குத் திருஷ்டி கழிய வேண்டாமா, அதுவும் இந்த வாரம் பார்த்து? லேப்டாப்புக்குச் சக்கரம் இல்லை. ஆனால் மூடி இருக்கிறதே. சிங்கத்தின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தது. எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவில் நல்ல கெட்டிப் பழமாக ஒன்றை வைத்தது. மூடியை மூடி, மேலே ஏறி உட்கார்ந்தது. டக்கென்று ஒரு சத்தம். பழம் நசுங்கிவிட்டது, திருஷ்டி போயிற்று என்று சந்தோஷப்பட்டது.

பழம் நசுங்கவில்லை.

திறந்து பார்த்தால் திரைக்கு நடுவில் சிலந்தி வலை மாதிரி விரிசல். மேல்பாதியில் வெளிச்சம் இருந்தது. கீழ்ப்பாதி மையைக் கொட்டினாற்போல் கன்னங்கரேல்.

வியாழக்கிழமை காலையில் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி, பதினேழு பேருக்குப் பின்னால் நின்று, கவுண்டரை அடைந்தது. அங்கே ஓணான். அது ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இல்லை என்று சொல்லும். எப்படி உடைந்தது என்று கேட்டது. செங்கமலத்துக்குப் பொய் வராது. சாமி காரியத்தில் உடைந்தது என்று நடந்ததைச் சொன்னது.

ஓணான் தன் பட்டியலைத் தேடியது. கீழே விழுந்தது இருந்தது, தண்ணீர் பட்டது இருந்தது, யானை மிதித்ததுகூட இருந்தது. "பூஜையில உடைஞ்சதுன்னு கட்டமே இல்லக்கா. வாரண்டி வராது. வேணும்னா ஆன்லைன்ல ஒரு புகார் போடுங்க."

"எதுல போடுறது தம்பி?"

"உங்க லேப்டாப்லதான்" என்றது ஓணான், தலையை ஆட்டி.

அங்கிருந்து பட்ட மரத்தடியில் கடை போட்டிருந்த மரங்கொத்தியிடம் ஓடியது. மரங்கொத்தி லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருந்த எண்ணைப் படித்து, இந்த அளவுத் திரை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து நாரைதான் கொண்டுவர வேண்டும், சனிக்கிழமை ஆகும் என்றது. வெள்ளிக்கிழமையோடு என் வளை போய்விடுமே என்று செங்கமலம் அழாத குறையாகச் சொன்னது.

"வளை போனா என்னக்கா, படுக்க எடம் இல்லாட்டியும் பாக்கத் திரை இருக்கும்ல" என்றது மரங்கொத்தி. வம்பு பேசினாலும் நாரைக்கு அப்போதே சொல்லி அனுப்பியது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் பாதித் திரையிலேயே ஏழாவது விண்ணப்பத்தை அடிக்க உட்கார்ந்தது. பக்கத்தை மேலே தள்ளிப் பார்க்கலாமே என்பீர்கள். அந்த அலுவலகத்துப் படிவத்தைத் தள்ளினால் எழுதியதெல்லாம் அழிந்து முதல் கட்டத்தில் போய் நிற்கும். ஆகவே மேல்பாதியைக் கண்ணால் பார்த்தும், கீழ்ப்பாதியைக் கைப்பழக்கத்திலும் நிரப்பியது. கடைசியில் உறுதிமொழி வரும், அதன் மூன்று கட்டத்திலும் எப்போதும் எழுதுகிறதையே எழுதியது: சரி, சம்மதம், செங்கமலம். அதற்கு முன்னால், அடுத்த கட்டத்துக்குத் தாவும் பொத்தானைக் கூடுதலாகத் தட்டிவிட்டோமோ என்று ஒரு சந்தேகம். இருட்டில் யாரைக் கேட்பது? அனுப்பிவிட்டது.

நாலே முக்காலுக்குப் பட்டா வந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது. பாயோடு வந்து காத்திருந்த நரி, பட்டாவை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது.

சனிக்கிழமை மரங்கொத்தி வேலையை முடித்தது. முதலில் பேட்டரியைக் கழற்றியது. செங்கமலத்தின் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, அதைச் செருகிச் சுற்றுச் சட்டத்தை நெம்பியது. நாலு திருகாணி, பின்னால் பட்டையாக ஒரு ஒயர், பழையது போய்ப் புதியது வந்தது. திரை முழுசும் பளிச்சென்று எரிந்தது. செங்கமலம் ஆசையாக நேற்றைய விண்ணப்பத்தைத் திறந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

உறுதிமொழிக் கட்டம் மூன்றும் காலி. அதற்கும் கீழே, 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த இடத்தில், சரிபார்த்தது: சரி. ஒப்புதல்: சம்மதம். அதிகாரி பெயர்: செங்கமலம்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பட்டாவைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், தலைமை எழுத்தர் தேவாங்கிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. தேவாங்கு உருண்டைக் கண்ணை இன்னும் உருட்டி, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது.

"சத்தம் போடாதேம்மா. அந்தக் கட்டத்தை யார் நிரப்புறதுன்னு பதினோரு வருஷமா எனக்கும் மேல இருக்கிற ஆந்தைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நிரப்பினவன் தலையிலதான எல்லாம் விடியும். உன் மனுவுல கட்டம் நிரம்பியே வந்துது. செங்கமலம்னு யாரோ புது அதிகாரின்னு நினைச்சோம். மேல பார்த்தா விண்ணப்பதாரரும் செங்கமலம். சரி, சொந்தக்காரங்கன்னு இன்னும் வேகமா முத்திரை குத்தினேன்."

"அப்ப இந்தப் பட்டா, ஐயா?"

"திருப்பி வாங்குறதுக்குப் படிவம் இல்ல. இப்பத்தான் நானும் ஆந்தையும் ஒண்ணா டீ குடிக்கிறோம். கெடுத்துடாதே."

வீட்டுக்கு வந்தால் வாசலில் குழிமுயல். நரி இப்போது அடுத்த சரிவில் பாயை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். செங்கமலம் முயலின் வளைக்குப் பட்டா கேட்டுப் புதுத் திரையில் சுத்தமாக மனு அடித்தது. 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்ற வரி கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டே ஒரு தப்பைப் பண்ண அதற்கு வரவில்லை. மனு புதன்கிழமை திரும்பி வந்தது: குழி என்றால் எந்தக் குழி, விளக்கம் தேவை.

முயல் நாலு குட்டிகளையும் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தது, அவ்வளவுதான். நரிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

செங்கமலம் எழுந்து போய், கூடையில் இருந்த எலுமிச்சம்பழத்தில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியானதை எடுத்து வந்தது. லேப்டாப்பைத் திறந்து நடுவில் வைத்தது. மூடியது. சிங்கத்தின் சிரிப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. டக்கென்று ஒரு சத்தம்.

"இப்ப சொல்லும்மா" என்றது முயலிடம். "உன் வளைக்கு வாசல் எத்தனை?"

நீதி: தெரிந்து தப்பு செய்ய மனம் வராதவர்கள் உடைந்த திரையை மாற்றக் கூடாது, மாற்றியே விட்டால், எலுமிச்சம்பழம் கெட்டியாகப் பார்த்து வாங்கவும்.