சந்தியோகுவும் ஐந்து வெள்ளித் தண்டுகளும்

மடு மாதா அறிய, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பூனைகளின் எண்ணிக்கையில் வேண்டுமானால் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான்.

பள்ளிமுனை வளவில் நிற்கிற பெக்கோ மெசினின் தண்டிலே கடுகளவு துருக்கறளைக் கண்டதும் காவலுக்கிருந்த வோச்சர் சந்தியோகுவுக்கு வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது.

அடம்பன் றோட்டு வேலை முடிந்து, அடுத்த வேலை வரும்வரை மெசினை அங்கே நிறுத்தியிருந்தார்கள். மண் அள்ளும் கையை நீட்டி மடக்குகிற ஐந்து சிலிண்டர்களிலிருந்தும் வெள்ளிபோல ஐந்து தண்டுகள் வெளியே நீண்டு நின்றன. அவை கறள் பிடித்துச் சொரசொரத்தால் சிலிண்டர் வாயிலுள்ள றப்பர் கிழியும், எண்ணெய் பீறிடும், மெசின் படுத்துவிடும். கந்தோரிலிருந்து மேலதிகாரி சீவரத்தினம் ஐயா சுருக்கமாக எழுதியிருந்தார்: "ஓகஸ்ட் கடைசியில் வருவேன். தண்டில் கறள் இல்லாவிட்டால் உமக்கு வேலை நிரந்தரம். இருந்தால் வேறு ஆள்."

முழங்கால் பிடித்து, கடலை விட்டு ஏறிய மனிதருக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

"இஞ்சேருங்கோ, தும்பும் சாம்பலும் தாறன், சட்டி மாதிரி உரஞ்சிவிடுங்கோ," என்றாள் மனைவி மதலேனா.

"கீறல் விழுந்தா முடிஞ்சுதடி! குழந்தைப்பிள்ளையின்ரை கன்னத்தை ஆரும் தும்பாலை உரஞ்சுவினமோ?"

"அஞ்சு பெத்தும் நீங்கள் ஒரு கன்னமும் கழுவினதில்லை."

பழைய சாரத்தை டீசலில் நனைத்து, பூப்போலத் துடைத்தார். கறள் போயிற்று. இனி வராதிருக்க, விரற்கடைத் தடிப்புக்குக் கிறீஸ் அப்பினார். அன்று பின்னேரம் சோளகக் காற்று எழும்பியது. அது போனபோது ஐந்து தண்டுகளும் மாவில் புரட்டிய மீன்போல மணலில் புரண்டிருந்தன.

"இனி வேலையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை," என்றாள் மதலேனா.

"பொறும். முப்பது வருசம் என்ரை வள்ளத்தை உப்புக்குக் குடுக்காமல் காத்த சாமான் ஒண்டு இருக்கு."

அது சுறா எண்ணெய். மணலையும் கிறீசையும் வழித்தெடுத்துவிட்டு, வள்ளத்துக்குப் பூசுகிற அதே பக்தியோடு பூசினார். விடிய வந்து பார்த்தால் மெசினில் நாற்பத்துமூன்று பூனைகள். எங்கள் தீவுப் பூனை மட்டுமல்ல, பெருநிலத்திலிருந்து வந்த அடம்பன் பஸ்ஸால் இறங்கி நேரே வளவுக்கு நடந்த ஒன்றை அவரே கண்ணால் கண்டார். நக்கினாலும் பரவாயில்லை, நகத்தையல்லவா தீட்டப் பார்த்தன!

அவற்றைத் துரத்திவிட்டு, மதலேனாவின் ஐந்து சேலைகளை எடுத்து ஐந்து தண்டுகளுக்கும் சுற்றிக் கட்டினார்.

"அது என்ரை திருநாள் சேலை!"

"மெசினுக்கும் ஒருநாள் திருநாள் வரட்டுமன்."

சொன்ன வாய்க்குப் பலித்தது. பூசை முடிந்து வந்தவர்கள், உயர்ந்த கையும் சேலையுமாக நின்ற உருவத்தை மாதா சுரூபமென்று எண்ணித் தலையை மூடிக்கொண்டார்கள். யாரோ மெழுகுதிரியும் கொளுத்திவிட்டார்கள். எண்ணெய்ச் சேலையின் கீழே எரிகிற திரியைக் கண்டு சந்தியோகு ஓடிய ஓட்டத்தில் அவருடைய முழங்கால் வருத்தம் ஒரு கிழமைக்குச் சுகமாகியிருந்தது.

சேலையை அவிழ்த்தால் அதைவிட மோசம். துணி கடற்காற்றின் உப்பீரத்தைக் குடித்து வைத்திருந்தது. கடுகளவு நின்ற கறள் இப்போது பயறளவில், பதினேழு இடத்தில்!

அன்றுதான் சந்தியோகு என்ற மனிதர் யாரென்று பள்ளிமுனை கண்டது. நல்லதண்ணீரால் கழுவினார். காயத் துடைத்தார். டீசல் துணியால் பொட்டுப் பொட்டாகக் கறளை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகக் கிறீஸ் தடவி, எண்ணெய்க் கடதாசி சுற்றி, கயிற்றால் கட்டினார். அடுத்த நாள் காலை முழுவதையும் அவிழ்த்து, திரும்பவும் முதலிலிருந்து. இப்படி நாற்பது நாள், தவக்காலம்போல, ஒருநாளும் தவறாமல்.

"என்னை இப்பிடி ஒருநாள் பாத்திருப்பியளோ?" என்று கேட்ட மதலேனாவே இருபதாம் நாள் துணி பிழிந்து கொடுக்க வந்துவிட்டாள்.

அவர் கடதாசியை அவிழ்க்கிற நேரத்தில் தண்டுகள் மின்னிய மின்னலில், கடலில் நின்றவர்கள் வெளிச்சவீட்டைப் பகலிலும் கொளுத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் ஜீப் வந்தது. சீவரத்தினம் ஐயா இறங்கி, முதலாம் தண்டுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். தன் பல்லிடுக்கில் கறிவேப்பிலை இருப்பது அதில் தெரிந்தது. அதை எடுத்தார். இரண்டாம் தண்டில் மீசையைச் சரிபண்ணினார். ஐந்தாம் தண்டுக்கு வரும்போது கண் கலங்கியிருந்தது.

"இருபத்தாறு வருசமாக் கந்தோரிலை இருக்கிறன். இப்பிடி ஒரு வேலைக்காரனை நான் கண்டதில்லை, சந்தியோகு."

ஜீப்பின் முன்பக்கத்தில் கடதாசியை வைத்து, அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார். நிரந்தரம். மதலேனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஐயா ஜீப்பில் ஏறியதும், கூட வந்த சனூன் கிட்ட வந்தான். மறிச்சுக்கட்டி ஊர்ப் பொடியன், அந்த மெசினை ஓட்டுகிறவன், கொண்டுவந்து நிறுத்தியவனும் அவன்தான். சந்தியோகுவின் இரண்டு கையையும் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"ஐயாட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க அண்ணே. நிப்பாட்டின அண்டைக்கு லீவரை ஒருக்கா இழுத்திருந்தா, அஞ்சு தண்டும் சிலிண்டருக்குள்ள போயிருக்கும். நான்தான் மறந்துபோனேன்."