ஐம்பத்தொன்றாவது ஆள்

2020, வைகாசி 14, புதன்கிழமை. காலை மணி ஐந்து இருபது. வானம் மூடாக்கு, மேற்கிலிருந்து லேசான காற்று, மழை இல்லை. பொங்கலூர்ப் பக்கம் என் மகள் வீட்டுத் தோட்டத்து கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் பேத்திக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் எனக்கு மனிதர்கள் தெரியமாட்டார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். பெட்டிக்கு ஐம்பது பீஸ் என்றால் ஐம்பது. எண்ணி முடித்ததும் டேப் ஒட்டிவிட வேண்டும். ஓய்வு பெற்றபின் பெட்டி கிடைக்காமல் மாத்திரைகளையும் மாடிப்படிகளையும் எண்ணிவந்தேன். (மாடிப்படி பதினெட்டு. தினமும் பதினெட்டுதான். இருந்தாலும் எண்ணுவேன்.)

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஆயிரம் இலை விழாவிட்டால், என்ன பிரச்சினை என்று ஊரே விசாரிக்கும். அந்த வருடம் கொரோனாவால் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. மகள் சுமதி விடியற்காலையில் சமையற்கட்டில் வடை எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தாள்.

"அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க. வடைய உட்டுட்டு கேட்ல போயி ஆள எண்ணுங்க. அம்பதுக்கு மேல ஒருத்தரும் வரப்படாது. ஆபீசருங்க வந்துட்டாங்கன்னா கல்யாணம் பாதியில நின்னு போயிரும்."

இடைஞ்சலான கிழவனை அப்புறப்படுத்தும் வழி அது என்று இப்போது புரிகிறது. அன்று அதைப் பதவி என்று நினைத்துவிட்டேன்.

மருமகன் தன் யூனிட்டில் மிஞ்சிய சாம்பல் நிறத் துணியில் மாஸ்க் தைத்து, அழைத்த எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். ஆகவே வந்த ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாம்பல் மாஸ்க். போதாததற்கு, என் மாஸ்க்குக்குள் விட்ட மூச்சு மேலேறி மூக்குக் கண்ணாடியை மூடிக்கொண்டது. நான் கவலைப்படவில்லை. பீஸ் எண்ணுவதற்கு முகம் எதற்கு?

என்னையே ஒன்று என்று வைத்து, உள்ளே ஏற்கனவே இருந்த வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கினேன். ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டு, கையில் சானிடைசர் ஊற்றி, எண்ணைச் சத்தமாகச் சொல்லி உள்ளே அனுப்பினேன். ஆறு பத்துக்கு ஐம்பது ஆயிற்று. கேட்டைத் தாழிட்டேன்.

ஆறு பதினான்குக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் தலையில் உருமால், முகத்தில் சாம்பல் மாஸ்க்.

"ஏனுங்க, உள்ள போலாமுங்களா?"

"இல்லீங்க. அம்பது ஆயிப்போச்சுங்க."

"நான் போனாத்தானுங்க கல்யாணம் நடக்கும்."

"வர்றவங்க எல்லாருமே அப்பிடித்தானுங்க நெனைக்கறாங்க."

அவர் சற்று யோசித்தார். "அப்ப நான் வெளியவே இருக்கறதுங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. சட்டமுங்க."

கோபித்துக்கொள்ளவில்லை. வேப்பமரத்தடியில் போய் நின்றார். பெரியவர் நிற்கிறாரே என்று என் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். (மரியாதையில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை.) இருவரும் ஆறடி தள்ளி இருந்து மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஆறே முக்காலுக்கு சுமதி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, அருமைக்காரரைக் காணோமுங்க! மணி ஆகுது!"

எங்கள் கல்யாணங்களை நடத்திவைக்கும் பெரியவர் அருமைக்காரர். அவர் இல்லாமல் தாலி ஏறாது. நல்ல நேரம் இன்னும் கால் மணிதான்.

"இங்க யாரும் வர்லயே, கண்ணு."

"மரத்தடியில ஆருங்கப்பா?"

"அது அம்பத்தொண்ணு" என்றேன்.

அம்பத்தொண்ணு மாஸ்க்கை இறக்கிப் புன்னகைத்தது. "நாந்தாம்மணி. அப்பவே சொன்னனுங்க. உங்கப்பாரு ரொம்ப ஞாயமான மனுசருங்க."

சுமதி என்னைப் பார்த்த பார்வையை எந்த எண்ணாலும் குறிக்க முடியாது. கேட்டைத் திறக்கப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

"ஒருத்தரு உள்ள போகோணும்னா ஒருத்தரு வெளிய வரோணும்."

"அப்ப நீங்களே இருந்துக்கங்க!" என்று சொல்லி, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணக்குப்படி அது சரி. மனக்கணக்கில் ஒன்றாம் எண்ணான என்னை அடித்தேன். அவரை ஐம்பதில் சேர்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவன் நான். அவள் கல்யாணத்தை இருபது கெஜ தூரத்திலிருந்து மேளச் சத்தத்தை வைத்து யூகித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சோளக்காட்டு வழியாக என் மச்சினன் துரைசாமி வந்தான்.

"ஏனுங்க மாமா, இங்க உக்காந்துட்டீங்க? கொஞ்சம் கைல மருந்து ஊத்துங்க."

"உன்னத்தான் அப்பவே உள்ள உட்டனே. எப்படா வெளிய வந்த?"

"பின்னால வழி இருக்குதுங்களே. ஒரு தம் போடப் போனனுங்க. சிகரெட் வாசம் அடிச்சா அக்கா கொன்னே போடும். உங்க மருந்து தேச்சா வாசமே தெரியறதில்லீங்க. அதுக்குத்தான் இந்தப் பக்கமா வர்றது."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "இது எத்தனாவது தடவடா?"

"அஞ்சாவதுங்க. மொதல்ல வந்தப்பவும் 'வாங்க வாங்க'ன்னீங்க, அப்பறம் மூணு வாட்டியும் 'வாங்க வாங்க'ன்னீங்க. மாமாவுக்கு நம்ம மேல இத்தன பாசமான்னு நெனைச்சனுங்க."

நான்கு முறை எண்ணியிருக்கிறேன் ஒரே துரைசாமியை. அப்படியென்றால் உள்ளே நாற்பத்தேழு பேர்தான். மூன்று இடம் காலி. எழுந்து ஓடினேன். (அறுபத்தொன்பது வயதில் அதற்கு ஓட்டம் என்று பெயர் வைக்கலாமா தெரியவில்லை.) மணமேடை போட்டிருந்த களத்து முனையை எட்டும்போது கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது. கூட்டத்தின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. பழக்கத்தில் அவற்றையும் எண்ணினேன்.

கடைசி வரை எந்த அதிகாரியும் வரவில்லை.

அன்றிலிருந்து பேத்திக்கு நான் 'அம்பத்தொண்ணு அப்புச்சி'. இப்போது அவளுடைய பெண் குழந்தையும் மழலையில் அப்படித்தான் கூப்பிடுகிறது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் என்னை முதலில் உள்ளே உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறார்கள். சுமதி அதற்குள் துரைசாமியின் பாக்கெட்டையும் சோதித்துவிடுகிறாள்.

ஆல்பம் வந்தபோது தாலி கட்டும் படத்தில் நான் இல்லை என்று பேத்தி அழுதாள். அவளுக்காக ஸ்டுடியோவுக்குப் போனேன். என் பழைய படம் ஒன்றை வெட்டி, மணமேடைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் சேர்த்துக் கொடுத்தார்கள்.

"முன்னூறு ரூவாயுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். "மாஸ்க்கும் போட்டு உடறதுன்னா அம்பது சேத்தி ஆகுமுங்க."

வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் படத்தில் முகம் முழுதாகத் தெரிகிற ஒரே ஆள் நான்தான். முன்னூறு ரூபாய்.