வேரோடு பிடுங்கச் சொன்னவன்

என் பேச்சைக் கேட்டு யாராவது அப்படியே நடப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. வீட்டுப் பூனைகூட நான் கூப்பிட்டால் வராது. அந்தத் தைரியத்தில்தான் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் மைக்கைப் பிடித்தேன்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். வெண்டைச் செடியின் நரம்புகளை மஞ்சளாக்கும் வைரஸ்கள் என் பாடம். வெள்ளை ஈக்கள் இரண்டு வகை வைரஸை ஒரே செடிக்குள் கொண்டுவந்து விட்டால், அவை பெருகும்போது ஒன்றின் துண்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு கலப்பு உருவாகும். பெரும்பாலும் அது சோப்ளாங்கியாக வந்து அப்படியே ஒழிந்துபோகும். எப்போதாவது ஒன்று மட்டும், தன்னைப் பெற்ற இரண்டையும் ஓரங்கட்டிவிட்டுச் செழிக்கும். அந்த ஒன்றைத் தேடித்தான் (கல்யாண வயதைத் தொலைத்துக்கொண்டு) அலைந்தேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி தன் வெண்டைத் தோட்டத்தை எனக்குத் திறந்துவிட்டார். நோய் கண்ட முப்பது செடிகளில் சிவப்பு ரிப்பன் கட்டி, வாரம் ஓர் இலை கிள்ளிப் போவேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். காய்ப்பு முடியும்போது எடுக்கும் கடைசி இலைகள்தான் உயிர்நாடி. அதைப் பார்க்க என் வழிகாட்டியான மேடமும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் நான் மைக்கைப் பிடித்த அந்த விவசாயிகள் கூட்டம். முன்வரிசையில் அண்ணாச்சி. கைதட்டல் கேட்டதும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "மஞ்சள் நரம்பைக் கண்டால் இரக்கம் காட்டாதீர்கள்! வேரோடு பிடுங்குங்கள்! எரியுங்கள்!" (கட்டபொம்மன் வசனம் மாதிரி இருந்தது என்று நானே நினைத்துக்கொண்டேன்.)

மறுநாள் காலை மேடத்தோடு போய் இறங்கினால், தோட்டத்து மூலையில் புகை.

"வாங்க தம்பி! நீங்க சொன்னபடி விடியவும் எறங்கிட்டம்லா!" என்று அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அண்ணாச்சி… ரிப்பன் கட்டுன செடியெல்லாம்?"

"அதத்தான் மொதல்ல பிடுங்குனேன். பிடுங்கதுக்குன்னு நீங்களே அடையாளம் கட்டி வச்சிருக்கிய, நமக்கு என்ன கஷ்டம்!"

நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நெருப்புக்குள் கையை விட்டேன். கருகிய இலை நாலும் பொசுங்கிய புருவம் ஒன்றும்தான் மிச்சம். மேடம் அந்த இலைகளை வாங்கிப் பார்த்தார். "இதுல டி.என்.ஏ. வராதுப்பா. சுட்ட வெண்டைக்கா வாசம்தான் வருது."

விஷயம் விளங்கியதும் அண்ணாச்சி நொந்துபோனார். "ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா தம்பி?" கொஞ்ச நேரம் கழித்து அவரே தயங்கித் தயங்கி, "வாய்க்கா ஓரம் ஒண்ணு நிக்கி. மஞ்சளாத்தான் இருக்கு, ஆனா காய்ப்பு கொறயல. பிடுங்க மனசு வரல. நீங்க வைவியளோன்னுதான் சொல்லல" என்றார்.

ஓடினோம். ரிப்பனோடு நின்றது, ஒற்றைச் செடி.

பரிசோதித்தால், அதற்குள் இரண்டு பழைய வைரஸும் இருந்தன. இரண்டையும்விட அதிகமாகப் பெருகியிருந்தது அவற்றின் கலப்பு. செடியை அவ்வளவாக வாட்டாமல், அதையே நம்பிச் சுகமாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. "ஒரு செடிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் மேடம். வெள்ளை ஈ புகாத வலைக்கூடத்தில் செடி வளர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கூடுதலாக ஒரு வருஷம் போனாலும் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் அண்ணாச்சியுடையது.

கல்யாணப் பந்தலில் அவர் இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் யாருக்காவது அறிவுரை சொல்ல வாயைத் திறந்தால் போதும், அவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"ஏங்க, பாத்துச் சொல்லுங்க. அவ்வோ நெசமாவே செஞ்சிரப் போறாவ!"