சவேலி பொத்தி வைத்த நிலாவின் முதுகு

பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக, மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்தே தீருவது என்று சவேலி சபதம் எடுத்தான்.

இதற்கு முன்னாலும் மறைத்துப் பார்த்தவன்தான். ஒருமுறை கம்பளிக் காலணிக்குள் வோட்கா பாட்டிலை ஒளித்தான். அன்றைக்கென்று பார்த்து கிளாஷாவுக்கு அந்தக் காலணியை வெயிலில் வைக்கத் தோன்றியது. சீட்டாட்டத்தில் கடிகாரத்தைத் தோற்றுவிட்டு, கடலில் விழுந்துவிட்டது என்றான். மறுநாள் தபால்காரர் அதையே கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஆனால் இந்தத் தடவை ரகசியம் அவனுடையது அல்ல. அரசாங்கத்தினுடையது.

சவேலி சிமெயிஸ் என்ற ஊரின் கடற்கரையில் போட்டோக்காரன். கோடையெல்லாம் மாஸ்கோ விடுமுறைக்காரர்கள் தொப்பையை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நிற்பார்கள். அக்டோபர் வந்தால் கடற்கரையில் கடல் மட்டும்தான் இருக்கும். ஐம்பத்தொன்பதாம் வருஷத்து அக்டோபரிலோ, ஊருக்கு மேலே பூனை மலையில் ரேடியோக் கருவிகளோடு முகாம் போட்டிருந்த விஞ்ஞானிகள் அவனைக் கூப்பிட்டார்கள். ராக்கெட் ஒன்று நிலாவைச் சுற்றிப் போய், பூமிக்கு என்றுமே காட்டாத அதன் பின்பக்கத்தைப் படம் பிடித்திருக்கிறது. படம் ரேடியோ அலையாக வந்துகொண்டிருக்கிறது. வருவதைக் கழுவி, காயவைத்துக் கொடுக்க ஒரு பழகிய கை வேண்டும்.

"வெளியில வாயைத் திறந்தா வேலை போயிடும். வேலையோட போனா உன் அதிர்ஷ்டம்" என்றார் கண்ணாடி போட்ட அதிகாரி.

சவேலிக்குப் பயத்தைவிடக் குஷிதான் அதிகம். கிளாஷா துருவித் துருவிக் கேட்பாள். அவன் மீசையைத் தடவியபடி, "அதெல்லாம் உனக்குச் சொல்லக்கூடாதும்மா" என்பான். மலையிறங்கும் வழியெல்லாம் மீசையைத் தடவி ஒத்திகை பார்த்தான். எதிரே வந்த ஆடு ஒன்று ஒதுங்கிப் போனது.

வீட்டில் கிளாஷா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துக்கு ஊறப்போட வேண்டும்.

"வந்துட்டியா? உப்பு வாங்கிட்டு வந்தியா?"

"எங்கே போனேன்னு கேக்கலியே?"

"மலைக்குத்தானே போனே. உப்பு எங்கே?"

"மலையில என்ன வேலைன்னு கேளேன்."

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமா!" என்று மார்பை நிமிர்த்தினான் சவேலி.

"அப்ப சொல்லாதே. கடை மூடறதுக்குள்ள போய் உப்பு வாங்கிட்டு வா."

தடவிய மீசை தடவியபடியே நின்றது.

அடுத்தடுத்த நாட்களிலும் அவள் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டுப் பார்த்தான், ஜன்னலைச் சாத்தினாள். வானத்தைப் பார்த்துத் தனக்குள் சிரித்துப் பார்த்தான். பல்வலியா என்று கேட்டாள். ரகசியத்தைக் காப்பது கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும். கேட்க ஆளில்லாத ரகசியத்தைக் காப்பது அதைவிடக் கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது.

பிறகு அந்தப் படம் வந்தது.

மருந்துத் தண்ணீருக்கடியில் காகிதம் மெதுவாகக் கறுத்தது. ஒரு வட்டம். உள்ளே புகைபோலச் சாம்பல் நிறம். ஓரமாக இரண்டு மூன்று கறைகள். கடற்கரையில் எந்த வாடிக்கையாளராவது இப்படிக் கலங்கிய படத்தைப் பார்த்திருந்தால் சவேலியின் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் அறைக்குள் எல்லாரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள். ஆதாம் காலத்திலிருந்து யாரும் பாராத ஒன்றை, கையில் இடுக்கியோடு தான் பார்த்துக்கொண்டிருப்பது சவேலிக்கு உறைத்தது. கடற்கரையில் இத்தனை வருஷம் எல்லாரும் முன்பக்கத்தைக் காட்டித்தான் நின்றார்கள். முதுகைக் காட்டிய முதல் ஆள் இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் தாங்க முடியவில்லை.

"கிளாஷா, உலகத்துல யாருமே பாக்காத ஒரு முதுகை ஒருத்தன் பாத்தா அவனுக்கு எப்படி இருக்கும்?"

"நானும் தினம் ஒரு முதுகைப் பாக்கறேன். விறகு பிளக்கச் சொன்னதும் வாசலைத் தாண்டி ஓடற முதுகு. எனக்கு ஒண்ணும் பிரமாதமா இல்லியே" என்றாள் அவள்.

மறுநாள் காலை, தேநீரை அவன் முன்னால் வைத்துவிட்டு கிளாஷா கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சவேலி, ராத்திரி தூக்கத்துல பேசினே."

"நானா? என்ன பேசினேன்?"

"எனக்கென்ன புரியுது? 'பின்பக்கம், பின்பக்கம்'னே. அப்புறம் ஏதோ கறைன்னே."

தேநீர் சவேலியின் மூக்கு வழியாக வந்தது.

"கறைன்னா சொன்னேன்? எத்தனை கறைன்னு சொன்னேனா?"

"அதுக்குள்ள நான் காதைப் பொத்திக்கிட்டேன். அரசாங்க விஷயம் பாரு. நான் உன் பெண்டாட்டி, எனக்குக் கேட்டாலும் கேக்காது. ஆனா சுவத்துக்கு அந்தாண்ட ஸீனா இருக்கா. சுவரோ காகிதம். ஸீனாவோ மீன் கடைக்காரி. அவ காதுல விழுந்தது மதியத்துக்குள்ள யால்டாவுல விழும்."

சவேலிக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டில் கண்ணாடி போட்ட அதிகாரி தெரிந்தார்.

"நான் பின்னால இருட்டறையில படுத்துக்கறேன். அது கல் சுவர்" என்றான்.

அந்த இருட்டறை அவன் படம் கழுவும் சின்ன அறை. உலகத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே இடம். தன் தாயை அலுஷ்தாவிலிருந்து கூட்டிவந்து அங்கே தங்கவைக்க வேண்டும் என்று கிளாஷா மூன்று குளிர்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அது படம் கழுவற இடம், மாமியாரைக் குளிப்பாட்டற இடம் இல்லை" என்று மூன்று குளிர்காலமும் அவன் மறுத்துவிட்டான்.

"நீ அங்கே போயிட்டா நான் தனியா எப்படிப் படுப்பேன்? எனக்குப் பயமா இருக்கும்" என்றாள் கிளாஷா.

"துணைக்கு ஆள் வச்சிக்கோ."

"யாரை? ஸீனாவையா?"

"ஐயோ, அவ வேண்டாம்! உங்கம்மாவைக் கூப்பிடு."

"அம்மாவா? அவங்க வந்தா வீடு இடிஞ்சிடும்னு நீதானே சொன்னே? வேண்டாம்ப்பா. உன் வாயால அத்தனை கேட்டப்புறம் அவங்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது."

"நான் கூப்பிடறேன். நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். என் கண்ணில்ல கிளாஷா, சரின்னு சொல்லு!"

அவன் கெஞ்சினான். அவள் மறுத்தாள். அவன் கிட்டத்தட்ட மண்டியிட்டான். தேநீர் ஆறிப்போன பிறகுதான் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டாள்.

மாமியார் அக்ரிப்பினா அம்மாள் பேருந்தைவிட்டு இறங்கினாள். கூடவே இறகு மெத்தை, ஊறுகாய் ஜாடிகள், கோபக்காரக் கோழி ஒன்று.

"மாப்பிள்ளை தன் கையால அழைச்சிட்டு வந்தாரு. இப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்ல யாருக்கு வாய்க்கும்?" என்று வழியில் கண்டவரிடமெல்லாம் சொன்னாள். சவேலி மெத்தையைத் தலையில் சுமந்தபடி பின்னால் வந்தான். கோழி அவனைக் கொத்தியபடி வந்தது.

மாத முடிவில் செய்தித்தாளில் அந்தப் படம் வெளியானது. அச்சில் இன்னும் கொஞ்சம் கலங்கியிருந்தது. சவேலி தாளை ஆட்டிக்கொண்டு சந்தை வழியாக ஓடிவந்தான். மீன் கடையில் ஸீனா நிறுத்தினாள்.

"என்ன சவேலி, ஒருவழியா வந்துடுச்சா நிலாவோட பின்பக்கம்? ஊரே எதிர்பார்த்துட்டு இருந்துச்சே."

"ஊருக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கே! ராக்கெட்டு நிலாவைச் சுத்தப் போகுதுன்னு ரேடியோவிலயே சொன்னான். நிலா போற பக்கமெல்லாம் மலையில இருக்கிற ரேடியோ வலைக்கம்பி திரும்புது. நடுவுல போட்டோக்காரனைக் கூப்பிட்டாங்க. பின்ன என்ன, கல்யாண போட்டோவா எடுக்கப் போறாங்க?"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். பூனை மலைக்குப் போய்வந்த சவேலியும் அப்படித்தான்.

ஊருக்கே தெரிந்தது கிளாஷாவுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும் என்று யோசித்தபடி சவேலி வீட்டுக்குள் நுழைந்தான்.

"கிளாஷா! நான் தூக்கத்துல பேசவே இல்லதானே? கறைன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"கறை இல்லாம நிலா உண்டா?" என்றாள் கிளாஷா. தாளை வாங்கி, கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "இதை நீ கழுவினியா, சவேலி?"

"நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் குரலில் கேலியே இல்லை. சவேலியின் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"சரி, இப்ப ரகசியம் ஒண்ணும் இல்ல. உங்கம்மாவை எப்ப ஊருக்கு அனுப்பலாம்?"

"நீயே கூப்பிட்டுட்டு நீயே அனுப்புவியா? ஊர் சிரிக்கும். அம்மா வசந்தம் வரைக்கும் இருப்பாங்க."

சவேலி யோசித்தான். போகட்டும். இருட்டறை இருக்கிறது. கல் சுவர், தனிமை, கோழி வராது. "சரி, நான் அங்கேயே படுத்துக்கறேன்" என்றான்.

"அதான் சொல்ல வந்தேன். அம்மா விடற குறட்டையில நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே இருட்டறையில நான் படுத்துக்கறேன். நீ வந்து அம்மாவுக்குத் துணையாப் படு" என்றாள் கிளாஷா.

தலையணை ஏற்கெனவே அவள் கக்கத்தில் இருந்தது.