மாம்பலம் ஸ்டேஷன் எடை மெஷினும் வேதாந்தத்தின் யோகாவும்

கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. வேதாந்தம் இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார், காதும் நன்றாகவே கேட்கிறது.

தொண்ணூற்று நாலாம் வருஷம். தி. நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பொடிநடையாகப் போகிற தூரத்தில் வீடு. வேதாந்தத்தின் எடை தொண்ணூற்றொரு கிலோ. குறைத்தே ஆகவேண்டும், யோகா செய்யுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி வைதேகி வாயாலேயே இன்னொரு சீட்டு எழுதினாள்.

"எண்பதுக்குக் கீழே வர வரைக்கும் இந்த ஆத்துல உருளைக்கிழங்கு ரோஸ்ட் கிடையாது."

"ஞாயித்துக்கிழமை கூடவா?"

"ஞாயித்துக்கிழமைதான் முக்கியமாக் கிடையாது."

வேறு எதை நிறுத்தியிருந்தாலும் மனுஷர் பொறுத்துக்கொண்டிருப்பார். வைதேகியின் ரோஸ்ட் அப்படிப்பட்டதில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, இரும்பு வாணலியில் முக்கால் மணி நேரம் புரட்டுவாள். கடைசியில் அடியில் முறுகி ஒட்டியிருப்பதைச் சுரண்டி அவர் தட்டில் தனியாகப் போடுவாள். அந்தச் சுரண்டலுக்காகவே கல்யாணம் செய்துகொண்டவர் போல இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவர் அவர்.

சரி, யோகாதான் என்று முடிவு செய்தார். ஆனால் எந்த யோகா? மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்குக் கிளம்பினார்.

அடையாறில் எடுத்த எடுப்பில் பன்னிரண்டு சூரிய நமஸ்காரம் போடச் சொன்னார்கள். வேதாந்தம் நாலாவதிலேயே நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார். மயிலாப்பூரில் சுவரில் கயிறு கட்டி ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள், கொடியில் துணி உலர்த்தின மாதிரி. பெசன்ட் நகரில் ஒரு மூக்கில் உப்புத் தண்ணீரை விட்டு மறு மூக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கையில்.

நாலாவது இடம் பனகல் பார்க் பக்கம் ஒரு மாடியில். அங்கே பாயில் படுக்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். மாஸ்டர் "வலது கால் கட்டைவிரலை நினையுங்கள்" என்பார், நினைக்க வேண்டும். அவ்வளவுதான். மாடிப்படி இறங்கினால் ஒரு டிபன் கடை, சுடச்சுடப் பொங்கலும் வடையும். யோகாவின் பெருமை வேதாந்தத்துக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"படுத்துண்டா உடம்பு இளைக்குமா?" என்று கேட்டாள் வைதேகி.

"முதல்ல மனசு இளைக்கணும். அப்புறம் உடம்பு தானா இளைக்கும்."

"மனசு எத்தனை கிலோ இருக்கும்?"

"இதெல்லாம் உனக்குப் புரியாதுடி."

"புரிய வேண்டாம். வாராவாரம் ஸ்டேஷன் மெஷின்ல ஏறி நின்னு, சீட்டைக் கொண்டு வந்து காட்டுங்கோ. போறும்."

அந்த மெஷினை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காசு போட்டால் வண்ண விளக்கெல்லாம் சுழன்று, ஒரு அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். மாடியில் தூக்கம், கீழே பொங்கல் என்று முதல் வாரம் ஓடிய பிறகு விழுந்த சீட்டில் தொண்ணூற்று மூன்று. வேதாந்தத்துக்குத் தலை சுற்றியது. விழாமல் இருக்கப் பக்கத்துத் தூணில் கை வைத்தார். தூணைச் சுற்றி இடுப்பு உயரத்தில், கை ஊன்றுகிற அளவுக்கு நீட்டிக்கொண்டு ஓர் இரும்புப் பட்டை. அதை அழுத்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு காசு போட்டார். எண்பத்தொன்பது.

அதற்குப் பிறகு அவருக்கு யோகா பிடிபட்டுவிட்டது. வாரத்துக்கு ஒரு கிலோ கணக்காக அழுத்தினார். தூண் பக்கத்தில் பேப்பர் விற்கிற சின்னப்பையன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர்தான் சின்னப்பையன், வயது ஐம்பதுக்கு மேல்.

"இன்னா சார், தூணைப் புட்ச்சிக்கினு எடை பாக்குறே?"

"மயக்கம் வருதுப்பா."

"வாராவாரம் கரீட்டா இங்கயே வர்தா? தூணுக்கும் ஒரு சீட்டு போடு சார். பாதி வெயிட்ட அதுதான் சொமந்துகினு கீது."

சீட்டுகள் வரிசையாக வந்தன. வைதேகி ஒவ்வொன்றையும் சோற்றுப் பருக்கை தடவிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

"எட்டு கிலோ குறைஞ்சும் பெல்ட் அதே ஓட்டையிலதானே இருக்கு?" என்றாள் ஒரு நாள்.

"பெல்ட்டும் என்னோட சேர்ந்து இளைச்சிருக்கும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததைக் கண்டு அவர் சந்தோஷப்பட்டார், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைதேகி விடிகாலையிலேயே நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்க்க ரயிலேறப் போனாள். வேதாந்தம் எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய், தோள்பட்டை வலிக்க அழுத்தினார். எழுபத்தொன்பது. மறு பக்கத்தில், 'உமது நேர்மையை ஊரார் புகழ்வர்.'

மத்தியானம் வீடு முழுக்க உருளைக்கிழங்கு முறுகுகிற வாசனை. அவர் கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்து சீட்டை நீட்டினார்.

"எழுபத்தொம்போதா? ரொம்ப சந்தோஷம்." சுவரில் ஒட்டினாள். திரும்பி வந்து அவர் தட்டில் புடலங்காய்க் கூட்டைப் பரிமாறினாள்.

"ரோஸ்ட்டு?"

"கார்த்தால என் ரயில் வர நாழியாச்சு. மெஷின் சும்மாத்தானே இருக்குன்னு நானும் ஏறி நின்னேன். அந்தப் பேப்பர்காரர் நல்ல மனுஷர். 'ரெண்டு கையும் வெச்சி அமுக்கும்மா, சார் ஒரு கையாலதான் அமுக்குவாரு'ன்னார்."

வேதாந்தம் புடலங்காயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

வைதேகி இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பருக்கை தடவி, அவருடையதற்குக் கீழே ஒட்டினாள். பதினாலு கிலோ.

"எண்பதுக்குக் கீழே வந்தவாளுக்குத்தானே ரோஸ்ட்டு? இந்த ஆத்துல ரொம்ப இளைச்சவ நான்தான். மயிலாப்பூர் கயிறு கிளாஸ்ல உங்க பேரைக் குடுத்துட்டேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு."

சொல்லிவிட்டு வாணலியைத் தன் பக்கம் இழுத்து, அடியில் முறுகி ஒட்டியிருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சுரண்டி, தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.