சூப்பால் சுவிஸைப் பிடித்தவர்

ரோமாபுரியை யார் யாரோ வீழ்த்தியிருக்கலாம். சுவிஸை ஒரு கரண்டித் தூளால் வீழ்த்தப் புறப்பட்டவர் எங்கள் ‘கிரேக்கர்’ ஒருவர்தான்.

எண்பதுகளில் சுவிஸின் ஷ்லீரன் நகரில் ஓர் உணவகத்தில் அவரும் நானும் கோப்பை கழுவினோம். ஊரில் வரலாறு படிப்பித்தவர். வேலை போனால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் நுரைக்குள் கையை விட்டபடி வகுப்பெடுப்பார்.

“டேய், ரோமன் வாளோட போய் கிரேக்கனைப் பிடிச்சவன். பிறகு? ரோமன்ரை பிள்ளைக்குப் படிப்பிச்சது கிரேக்கன். காய்ச்சலுக்கு மருந்து குடுத்தது கிரேக்கன். சாமியையாவது விட்டவனோ? கிரேக்கன்ரை ஜீயஸைத் தூக்கி ஜூப்பிட்டர் எண்டு பேரை மாத்திப்போட்டான்!”

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது, அண்ணை?”

“இஞ்சை நாங்கள்தான் கிரேக்கர். சூப்பிலை துவங்குவம்.”

மறுநாள் முதல், முதலாளி அந்தப்பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, பார்லி சூப்பில் ஒரு கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள் விழுந்தது. ஒரே மாதத்தில் சூப்புக்கு வரிசை. முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, “எங்கள் பரம்பரைச் சூப்” என்று எல்லோருக்கும் சொன்னார்.

கிரேக்கர் துள்ளினார். “பாத்தியோ? அசல் ரோமன்!”

எனக்கோ கிரேக்கப் பண்பாடு பரவும் வேகம் போதவில்லை. அவர் பிந்தி வந்த ஒருநாள் நானே மூன்று கரண்டி போட்டேன். அன்று மதியம் யோடல் என்னும் உச்சக்குரல் மலைப்பாட்டுப் பாடும் சங்கத்தார் சாப்பிட வந்தார்கள். முதல் வாயிலேயே ஒருவர் மேல்சுருதிக்குப் போய்விட்டார். தலைவர் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தார்.

முதலாளி அகப்பையோடு வந்து, “யார்?” என்றார். நான் கோப்பைகளுக்குள் குனிந்துகொண்டேன். கிரேக்கர் என்னை ஒருமுறை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, “நான்தான்” என்றார். வேலை போயிற்று.

“அழாதையடா” என்றார் ஏப்ரனைக் கழற்றியபடி. “ரோமன் எத்தினை தரம் கிரேக்க வாத்திமாரைக் கலைச்சவன்! பிறகு அவனே கூப்பிட்டவன்.”

அப்படியே நடந்தது. தூளில்லாத சூப்பை ஆட்கள் திருப்பி அனுப்ப, மூன்றாம் வாரம் முதலாளி என்னிடம், “அந்த மனிதரைக் கூட்டி வா” என்றார். கிரேக்கர் போயிருந்த திரிம்பாக் ஊர் விலாசம் என் சட்டைப்பையில் இருந்தது. “எங்கே என்று தெரியாது. அந்தச் சூப்பை நானே வைப்பேன்” என்றேன். அன்றே சமையற்காரனானேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் வந்து மேசையில் உட்கார்ந்து சூப் கேட்டார்.

“முதலாளி உங்களைக் கூட்டிவரச் சொன்னவர். விலாசம் என்னட்டை இருந்தது, அண்ணை” என்றேன்.

அவர் சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் மூக்கைச் சிந்திச் சிந்திக் குடிப்பதை முகமெல்லாம் மலரப் பார்த்தார்.

“நாங்கள் ரெண்டு பேரும் வெண்டிட்டமடா!”

அந்த வெற்றியில் என் பாதிக்கு நான் தகுதியானவன் அல்லன். ஆனால் அவர் தந்தது என்பதால் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.